படுத்திருப்பவரின் கண்கள்

பின்லாந்தின் தென்மேற்கில், பைமியோ என்ற ஊரை ஒட்டிய பைன் மரக் காட்டுக்குள் 1933-ல் ஒரு காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அறைக்கு இரண்டு நோயாளிகள், ஆளுக்கொரு கைகழுவும் தொட்டி. குழாய் நீர் பீங்கானில் சாய்வாகப் பட்டு ஓசையில்லாமல் வழிந்தோடும்படி அந்தத் தொட்டிக்கு வடிவம் கொடுத்திருந்தார்கள். நள்ளிரவில் ஒருவர் எழுந்து கை கழுவும்போது, இருமி இருமி அப்போதுதான் கண்ணயர்ந்த பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துவிடக் கூடாது. ஒரு தொட்டியின் சரிவுக்குப் பின்னால் இவ்வளவு அக்கறை இருந்தது.

அந்த மருத்துவமனையை வடிவமைத்த அல்வர் ஆல்ட்டோவுக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. அவருடைய மனைவி ஐனோவும் கட்டடக் கலைஞர்தான். நடமாடுகிறவருக்குக் கட்டும் அறை வேறு, படுத்தே கிடப்பவருக்குக் கட்டும் அறை வேறு என்ற எண்ணத்திலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். நலமாக இருப்பவர் அறைக்குள் நுழைந்தால் சுவரைப் பார்க்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். படுக்கையில் கிடப்பவருக்கு நாளெல்லாம் விட்டத்தைப் பார்ப்பதுதான் வேலை. அதனால் பைமியோவில் சுவர்களுக்கு வெளிர் நிறமும், விட்டத்துக்குக் கண்ணை உறுத்தாத அடர்ந்த பச்சைச் சாயலும் பூசினார்கள். விளக்கு கண்ணில் நேரே அடிக்காதபடி தலைமாட்டுக்குப் பின்னால் போனது. சூடேற்றும் தகடுகளை மேலே பொருத்தியபோது வெப்பம் காலை நோக்கி இறங்கும்படியும், காய்ச்சல் கண்ட தலையில் படாதபடியும் பார்த்துக்கொண்டார்கள். குளிர்காற்று நேரே முகத்தில் வீசாமல், இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே தவழ்ந்து சற்று வெதுவெதுப்பாகி உள்ளே வந்தது. கதவின் கைப்பிடியைக்கூட மருத்துவர்களின் அங்கிக் கை மாட்டிக்கொள்ளாத விதத்தில் வளைத்திருந்தார்கள். ஒட்டுப்பலகையை வளைத்துச் செய்த நாற்காலி ஒன்று அங்கே உருவானது. நெஞ்சு விரிந்து மூச்சு இழுக்கத் தோதான சாய்வு அதற்கு. இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் அந்த நாற்காலி, முதலில் நோயாளிகள் வெயில் காய்வதற்காகப் பிறந்தது.

காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. வெயில், காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இவற்றைத் தவிர வைத்தியரிடம் கொடுக்க எதுவும் இல்லை. ஆகவே கட்டடமே மருந்தின் இடத்தில் நின்றது. மருந்து வந்த பிறகு அந்த அக்கறை தேவையற்றதாகிவிட்டதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் பொதுப்பணித் துறையும் சுகாதாரத் துறையும் இன்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மாவட்டந்தோறும் புதிய மருத்துவமனைக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கும் காலம் இது.

இந்தக் கதைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்கதை உண்டு. டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற காசநோய் மருத்துவர். சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917-ல் அங்கே சேர்க்கப்பட்ட நோயாளிகளில் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். அவருக்குக் காசநோய் என்றே அன்றைய மருத்துவர்கள் கருதினார்கள். சானடோரியங்களில் அப்போது திறந்தவெளிச் சிகிச்சைதான் நடைமுறை. ஜன்னல்களை அடைக்கக் கூடாது. குளிரானாலும் காற்று உள்ளே வந்தாக வேண்டும். கும்பகோணத்தில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்கவில்லை. மெண்டிப், பிறகு மேட்லாக் என்று இடம் மாறியும் குளிரும் ஒத்துவராத சாப்பாடும் அவரைத் துன்புறுத்தின. ஓர் ஊரின் தட்பவெப்பத்துக்கும் அங்குள்ளவர்களின் உடல்களுக்கும் பொருந்திய மருத்துவக் கட்டடம் வேறொருவருக்கு வதையாகலாம் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

அதே சவுரிமுத்து இந்தியாவுக்குத் திரும்பி, 1928-ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். விரிந்த நிலம், மரங்கள், தள்ளித் தள்ளி நின்ற தாழ்வான கட்டடங்கள். இங்கிலாந்தில் ராமானுஜனை நடுங்கவைத்த அதே தத்துவம் செங்கல்பட்டுச் சீமையின் காற்றுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆண்டில் பெரும்பகுதி ஜன்னல் திறந்தே கிடக்கக்கூடிய ஊர் அல்லவா! அந்த வளாகம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு தாம்பரம் சானடோரியம் என்பது ஒரு நிலையத்தின் பெயர்.

சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்த ஆய்வும் சென்னையில்தான் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு எல்லாம் அதில் கைகோத்தன. நெருக்கடியான குடியிருப்புகளில் சொந்த வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும், சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் மருந்து எடுத்தவர்களையும் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு ஒப்பிட்டது. 1959-ல் முடிவு வந்தது: இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். மருந்து சரியாக உள்ளே போனால் குடிசையிலும் காசநோய் தீரும். உலகத்தின் காசநோய்ச் சிகிச்சை முறையையே திருப்பிப் போட்ட இந்த ஆய்வு சென்னை பெருமைப்பட வேண்டிய ஒன்று.

கட்டடம்தான் குணப்படுத்துகிறது என்று மிகைப்படுத்துகிறவர்களின் வாயை இந்த ஆய்வு அடைக்கும். வேப்பமரம் தெரியும் ஜன்னல் புற்றுக்கட்டியைக் கரைக்காது, பூந்தோட்டம் சிறுநீரகத்தைச் சீராக்காது. அதே சமயம் இந்த ஆய்வு சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொண்ட ஒரு போக்கு உலகெங்கும் வளர்ந்தது. மருந்தும் கருவியும் இருந்தால் போதும், அவற்றை வைக்க நாலு சுவர் எப்படி இருந்தால் என்ன என்ற எண்ணம் அது. தொற்று, தூக்கம், வலி, பயம், உடனிருக்கும் உறவினரின் தெம்பு ஆகிய அனைத்தையும் அந்த நாலு சுவர் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

வலியிலிருந்து தொடங்கலாம். 1984-ல் ‘சயன்ஸ்’ இதழில் ரோஜர் உல்ரிக் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் ஏடுகளை எடுத்தார். வயது, பால், உடல்நிலை போன்றவை ஒத்துப்போகும் 23 ஜோடிகளைப் பொறுக்கினார். ஜோடியில் ஒருவருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன; மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாட்களில். மரம் பார்த்தவர்களுக்கு வீரியமிக்க வலிநிவாரணிகள் குறைவாகவே தேவைப்பட்டன. ‘அழுதுகொண்டிருக்கிறார்’, ‘கலங்கியிருக்கிறார்’ என்ற வகையில் செவிலியர் எழுதிவைத்த குறிப்புகளும் அவர்களுடைய ஏட்டில் குறைவு.

46 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு வந்தவையும் உண்டு. பிட்ஸ்பர்க்கில் முதுகெலும்பு அறுவைக்குப் பின் வெளிச்சமான பக்கத்து அறைகளில் இருந்தவர்கள், மங்கலான பக்கத்தில் இருந்தவர்களைவிட மணிக்கு 22 சதவீதம் குறைவாக வலி மருந்து எடுத்துக்கொண்டதாக 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. மிலானில் இருதுருவ மனச்சோர்வோடு சேர்க்கப்பட்டவர்களில், காலை வெயில் விழும் கிழக்குப் பக்க அறையில் இருந்தவர்கள் மேற்குப் பக்கத்தாரைவிடச் சராசரியாக 3.67 நாட்கள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். எல்லா ஆய்வும் ஒரே திசையில் போகவில்லை. அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை வைத்து 2013-ல் வந்த பெரிய ஆய்வொன்று, ஜன்னலும் அதில் தெரியும் காட்சியும் சிகிச்சையின் முடிவை மாற்றவில்லை என்றது. மயக்கத்தில் செயற்கைச் சுவாசத்தோடு இருப்பவருக்கு ஜன்னலால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. விழித்திருக்கும், வலிக்கும், அஞ்சும் மனிதருக்குத்தான் அது மிகவும் தேவை. மருத்துவமனைப் படுக்கைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் அப்படிப்பட்டவர்களே.

காற்று விஷயத்தில் இவ்வளவு தயக்கம்கூடத் தேவையில்லை. பெரு நாட்டின் லிமா நகரில் ராட் எஸ்கோம்பும் அவருடைய குழுவினரும் 8 மருத்துவமனைகளில் 70 அறைகளை எடுத்துக்கொண்டார்கள். அறைக்குள் கரியமில வாயுவைத் திறந்துவிட்டு, அது எவ்வளவு வேகமாக வடிகிறது என்று அளந்தார்கள். 2007-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு கட்டுமானத் துறையில் இருக்கும் எவரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும். இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய தனிமை அறைகளில் மணிக்கு 12 தடவை காற்று மாறியது. சாதாரணமாகக் கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்த அறைகளில் 28 தடவை. அவற்றுள்ளும் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கட்டடங்கள், உயர்ந்த விட்டமும் பெரிய ஜன்னலும் கொண்டவை, 40 தடவை காற்றை மாற்றின. ஜன்னலை நம்பிய புதிய கட்டடங்களோ 17 தடவைதான். சிகிச்சை தொடங்காத காசநோயாளிகளோடு ஒரு நாள் முழுக்க அந்த அறையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தொற்றும் என்றும் கணித்தார்கள். இயந்திர அறையில் 39 சதவீதம், புதிய ஜன்னல் அறையில் 33 சதவீதம், பழைய அறையில் 11 சதவீதம்.

தமிழ்நாட்டின் பழைய அரசு ஆஸ்பத்திரிகளைப் பார்த்தவர்களுக்கு லிமாவின் அந்தப் பழைய வார்டு அந்நியமாக இராது. அண்ணாந்து பார்க்கவேண்டிய விட்டம், இரு பக்கமும் ஆளுயர ஜன்னல், வெயிலையும் சாரலையும் வெளியே நிறுத்தும் நீண்ட வராந்தா. கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைப் பராமரித்த அனுபவத்திலிருந்து ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூல் இத்தகைய வார்டுகளை உலகெங்கும் பரப்பியது. நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்று நம்பிய தலைமுறை அது. கிருமிக் கொள்கையை அவர் ஏற்கப் பல ஆண்டுகளாயின. காரணம் பிழையாக இருந்தாலும் கட்டிய கட்டடம் சரியாக இருந்தது. இன்று கிருமியைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, திறக்க முடியாத கண்ணாடிச் சுவர்களைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதன் விலை என்ன என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெர்ரி சாட்சி. அங்கிருந்த கிராமப்புற மருத்துவமனையில் மருந்துகளுக்கு மிகக் கடுமையாக மசியாத காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். 2006-ல் அந்தச் செய்தி மருத்துவ உலகை உலுக்கியது. நோயின் ஒரு பங்காவது மருத்துவமனைக்குள்ளேயே பரவியிருக்க வேண்டும் என்பதற்கான தடயங்கள் கிடைத்தன. வேறு நோய்க்கு வந்து, நெருக்கடியான அறையில் காத்திருந்து, காசநோயை வாங்கிக்கொண்டு போவதென்றால் கட்டடமே நோய்க்குத் துணைபோகிறது என்றுதான் பொருள்.

அந்தத் துயரம் சிலரை யோசிக்கவைத்தது. ருவாண்டாவின் வடக்கு மலைப்பகுதியில் புதாரோ என்ற இடத்தில் 2011-ல் 140 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை எழுந்தது. மாஸ் டிசைன் குரூப் என்ற இளைஞர் குழு, மருத்துவத் தொண்டு அமைப்பான பார்ட்னர்ஸ் இன் ஹெல்த், ருவாண்டா அரசு மூன்றும் சேர்ந்து அதைக் கட்டின. கூட்டம் ஓரிடத்தில் அடைபடாமல் இருக்க நடைபாதைகளைக் கட்டடத்துக்கு வெளியே வைத்தார்கள். மேலே பெரிய மெதுவான மின்விசிறிகள், உயரத்தில் திறப்புகள், கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்குகள். வழக்கமான வார்டில் படுக்கையின் தலைமாடு வெளிச்சுவரை ஒட்டியிருக்கும். நோயாளி எதிர்வரிசை நோயாளியின் வலியைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். புதாரோவில் வார்டின் நடுவே தாழ்வான சுவர் எழுப்பி, தலைமாட்டை அதில் சாய்த்தார்கள். ஒவ்வொருவரும் ஜன்னலை நோக்கிப் படுத்திருக்கிறார். கண் திறந்தால் மலைச்சரிவு. செலவு ஒரு தாழ்வான சுவர்தான். பைமியோவில் ஆல்ட்டோ கேட்ட கேள்வியை, பணமில்லாத ஒரு நாட்டின் ஊரகத்தில் இன்னும் எளிமையாகக் கேட்டுப் பதிலும் கண்டிருக்கிறார்கள்.

கொல்கத்தாவின் ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் அதன் அடித்தளத்தில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. கண்ணாடியால் மூடப்பட்ட முகப்பை உடைத்துத்தான் தீயணைப்பு வீரர்கள் உள்ளே போக வேண்டியிருந்தது. விதிமீறல்கள் பற்றிய வழக்கும் விசாரணையும் தனி. எழுந்து நடக்க முடியாதவர்கள் படுத்திருக்கும் மாடிகளில், திறக்கக்கூடிய ஜன்னலே இல்லாமல் கட்டலாமா என்ற கேள்வியை அந்த அதிகாலைக்குப் பிறகும் நாம் போதிய அழுத்தத்தோடு கேட்கவில்லை.

சென்னை வெயிலில் ஏசி இல்லாமல் எப்படி என்று கேட்கலாம். பொருத்தமான பதில் சிங்கப்பூரில் இருக்கிறது. ஆண்டு முழுக்க வெக்கையும் ஈரமும் நிறைந்த ஊர் அது. யீஷுன் வட்டாரத்தில் 2010-ல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனை, ஏற்கெனவே அங்கிருந்த ஒரு குளத்தை நோக்கித் திறந்தபடி கட்டப்பட்டது. அரசு மானியம் பெறும் வார்டுகள் இயற்கைக் காற்றில் இயங்குகின்றன. அடிக்கிற காற்றைப் பிடித்து உள்ளே திருப்பிவிட வெளிச்சுவரில் அலுமினியத் தடுப்புகள். மழைச்சாரல் விழாமல், வெயில் இறங்காமல், காற்று மட்டும் வரும்படி திரைத் தட்டிகள். அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் மட்டும் குளிரூட்டல். மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் தொண்டாக வந்து காய்கறி பயிரிடுகிறார்கள். குளக்கரையில் ஊர்க்காரர்கள் நடைபோடுகிறார்கள். ஊரிலிருந்து ஒதுக்கிவைத்த இடமாக மருத்துவமனை இருக்க வேண்டியதில்லை என்று அந்தக் குளக்கரை காட்டுகிறது. 2015-ல் ஜூரோங்கில் வந்த இங் தெங் ஃபோங் மருத்துவமனை இன்னும் ஒரு படி மேலே போனது. படுக்கைகளைச் சாய்கோணத்தில் அடுக்கி, பொது வார்டிலும் ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடையதே ஆன ஒரு ஜன்னல் கொடுத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மேலே சொன்னவற்றில் மிக முக்கியமானவை விலையுயர்ந்த பொருட்களே இல்லை. கட்டடத்தை எந்தத் திசையில் நிறுத்துவது, ஜன்னலை எங்கே வைப்பது, குளத்தைத் தூர்க்காமல் விடுவது: இவையெல்லாம் வரைபடத் தாளிலேயே முடிவாகிவிடும் விஷயங்கள். ஏற்கெனவே நின்றிருக்கும் வேப்பமரத்தையும் புங்கமரத்தையும் வெட்டாமல் கட்டடத்தை நாலடி தள்ளிப்போட எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம். மின்கட்டணத்திலேயே மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு இது. ஏசி பழுதான பிறகு மாதக்கணக்கில் புழுங்கும் மூடிய அறையைவிட, முதலிலிருந்தே காற்றோட்டத்தோடு கட்டிய அறை அரசுப் பராமரிப்புக்கு ஏற்றது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் எழுதியபடி, மருத்துவமனைகளில் பகல்நேரச் சராசரி ஓசை 1960-ல் இருந்த 57 டெசிபலிலிருந்து 72-க்கு ஏறியிருந்தது. இரவில் 42-லிருந்து 60-க்கு. வார்டில் இரவு ஓசை 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நம் சட்டம் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தருகிறது. உள்ளே உருளும் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கும், எஃகுத் தட்டு விழும் ஓசைக்கும், சுவரெல்லாம் பளபளக்கும் ஓட்டில் பட்டுத் திரும்பும் குரல்களுக்கும் சட்டம் கிடையாது. ரப்பர் சக்கரமும் ஓசையை உறிஞ்சும் மேல்தட்டும் பெரிய பொறியியல் அல்ல. அறுவை முடிந்தவர் இரவில் தூங்கட்டும் என்று யாராவது நினைத்தால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் படுக்கையில் இருப்பவரைப் பற்றி. தமிழ்நாட்டில் படுக்கைக்குப் பக்கத்தில் இன்னொருவரும் இருக்கிறார். ஒயர் கூடை, பிளாஸ்க், மாற்றுத்துணி, சுருட்டிய பாய் இவற்றோடு வந்து, இரவில் கட்டிலுக்கடியிலோ நடைபாதையிலோ படுப்பவர். டிரிப்ஸ் தீர்ந்ததும் சிஸ்டரைக் கூப்பிடுவது, எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போவது, கஞ்சி ஊட்டுவது, துடைத்துவிடுவது எல்லாம் அந்த அம்மாவோ அக்காவோ மருமகளோதான். மேலை நாட்டு மருத்துவமனை வரைபடங்களில் இப்படி ஒருவர் கிடையாது. அவற்றை அப்படியே எடுத்துப் போடும் நம் வரைபடங்களிலும் அவர் இல்லை. இல்லாத ஒருவருக்குக் கழிவறையும் இருக்காது, துணி உலர்த்தக் கயிறும் இருக்காது, காலை நீட்ட இடமும் இருக்காது. பெண் துணை ஒருவர் இரவில் கழிவறைக்காக இரண்டு மாடி இறங்கி, இருட்டான வளாகத்தைத் தாண்டிப் போகவேண்டிய நிலை எந்த ஊரிலும் இருக்கக் கூடாது. அவர் தளர்ந்தால் நோயாளியின் பராமரிப்பும் தளரும். சிகிச்சைக் குழுவில் சம்பளமில்லாத உறுப்பினர் அவர்.

இதை முன்பே புரிந்துகொண்ட இடம் வேலூரில் இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் 1950-களில் பாகாயத்தில் தொடங்கியபோதே, நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்க வேண்டும் என்பதைச் சிகிச்சையின் அங்கமாக்கினார்கள். மனநோயாளிகளைப் பூட்டிவைக்கும் விடுதிகளே வழக்கமாக இருந்த காலம். குடும்பம் கூடவே இருந்தபடியால் நோயைப் புரிந்துகொண்டது, வீடு திரும்பிய பின் பார்த்துக்கொள்ளவும் கற்றது. அதே சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் அமைத்த நவஜீவ நிலையம், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் கிராமத்துச் சூழலில் சிறு குடில்களில் தங்கித் தொழில் பழகும் இடமாக இருந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டியவரை ஊர் போன்ற இடத்திலேயே பழக்குவது எவ்வளவு எளிய, எவ்வளவு மரியாதையான யோசனை!

நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் பொதுவான ஒரு துன்பம் காத்திருத்தல். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தோட்டக்கலை எழுத்தாளர் மேகி கெஸ்விக் ஜென்க்ஸுக்கு 1993-ல் மார்பகப் புற்றுநோய் திரும்பி வந்தது. இன்னும் சில மாதங்கள்தான் என்று மருத்துவர் சொன்னார். அடுத்த நோயாளி காத்திருந்ததால், அந்தச் செய்தியோடு மேகியும் கணவர் சார்லஸும் ஜன்னலற்ற ஒரு நடைபாதையில் வந்து உட்கார வேண்டியிருந்தது. சிகிச்சையால் அவர் 1995 வரை வாழ்ந்தார். எஞ்சிய காலத்தில், மருத்துவமனை வளாகத்திலேயே புற்றுநோயாளிகள் வந்து அமர்ந்து பேச, அழ, விசாரிக்க ஒரு சிறு வீட்டைத் திட்டமிட்டார். அவரைப் பராமரித்த செவிலியர் லாரா லீ அதைக் கையிலெடுத்தார். 1996-ல் எடின்பரோவில் ஒரு பழைய குதிரை லாயம் முதல் மேகி மையமாக மாறியது. இன்று பிரிட்டனில் இருபதுக்கும் மேல். ஃபிராங்க் கெரி, ஸாஹா ஹதீத், நார்மன் ஃபாஸ்டர் போன்ற உலகப் புகழ்பெற்றவர்கள் அவற்றை வடிவமைத்தார்கள். பெயர்களைவிட முக்கியமானது உள்ளே நடப்பது. வரவேற்பு மேசை இல்லை, சீட்டு இல்லை, காசு இல்லை. நுழைந்ததும் ஒரு சமையலறை, பெரிய மேசை, தேநீர். யாருக்கும் யார் நோயாளி, யார் துணை என்று தெரியாது. தனியே அழ ஒரு மூலையும் உண்டு.

நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் மரணச் செய்தி சொல்லப்படும் இடம் எது என்று பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. மாடிப்படி ஓரம், லிஃப்ட் வாசல், ஐசியுவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சர்கள் உரசிப்போகும் நடைபாதை. சுற்றிலும் முன்பின் தெரியாதவர்கள். மருத்துவர்களின் மனசாட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. பேசுவதற்கு ஓர் அறை அந்தக் கட்டடத்தில் வரையப்படவே இல்லை. பத்துக்குப் பத்தில், கதவோடு, நாலு நாற்காலியோடு ஐசியுவுக்குப் பக்கத்தில் ஓர் அறை. அவ்வளவு போதும்.

புதிய அரசு மருத்துவமனைக்கு டெண்டர் விடுவதற்கு முன் எட்டு மணிநேர வேலை ஒன்றைக் கட்டாயமாக்கலாம். மாதிரி வார்டு ஒன்றை ஒட்டுப்பலகையில் அமைத்து, திட்டத்துக்குக் கையெழுத்துப் போடும் பொறியாளர்களும் அதிகாரிகளும் அந்தக் கட்டிலில் ஒரு பகல் படுத்துப் பார்க்கட்டும். விளக்கு கண்ணில் குத்துகிறதா, காற்று வருகிறதா, என்ன தெரிகிறது, கழிவறைக்கு எத்தனை அடி, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். அந்த அறையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியரையும், தரை துடைக்கும் தூய்மைப் பணியாளரையும், பிரசவத்துக்கு மகளோடு வந்து தங்கிய தாயையும் உட்காரவைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். கட்டி முடித்து ஓராண்டு கழித்து அதே ஆட்களிடம் மறுபடியும் கேட்க வேண்டும்.

இருக்கிற வார்டுகளில் செய்வதற்கும் வேலை இருக்கிறது. நோயாளி ஒருவருக்கு வினாடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று என்று பொது வார்டுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அளவு வகுத்தது. அறையில் கரியமில வாயு எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் சிறு கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது; காற்று வருகிறதா இல்லையா என்பதை ஒரு மணிநேரத்தில் அது சொல்லிவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் ஒவ்வொரு வார்டிலும், புறநோயாளிகள் காத்திருக்கும் கூடங்களிலும் சுகாதாரத் துறை இதை அளந்து வெளியிடலாம். அளக்க ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் காய்ச்சல்காரர்களால் வார்டுகள் நிரம்பும்போதுதான், சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல்களையும் அடைத்துவிடுகிறோம். ஜன்னலுக்கு மேல் அகலமான சன்ஷேடும் துருப்பிடிக்காத கொசுவலையும் இருந்தால் மழையிலும் அவற்றைத் திறந்துவைக்கலாம். பழுதுபார்ப்புக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தில், சுண்ணாம்படிப்பதற்கு முன்னால் அந்த இரண்டையும் செய்து முடிக்க வேண்டும்.